அம்மா நன்றாக மெல்லுகிறாரா? அதை அளப்பது எப்படி?

கேள்வி இதுதான்: அம்மாவுக்கு 72 வயது, மேலும் கீழும் முழுப் பல்செட் போட்டு நான்கு மாதம் ஆகிறது, கேட்டால் "நல்லாத்தான் மெல்றேன்" என்கிறார், ஆனால் தட்டில் பீன்ஸ் பொரியலும் கேரட்டும் ஓரமாக ஒதுங்கிக் கிடக்கின்றன. ரத்த அழுத்தம் பார்ப்பது மாதிரி, ஒருவர் எவ்வளவு நன்றாக மெல்லுகிறார் என்பதை எண்ணில் சொல்ல முடியுமா, வீட்டிலேயே பார்க்கலாமா, இல்லை ஒவ்வொரு வாய்க்கும் 32 தடவை மெல்லச் சொன்னால் போதுமா?

பல்செட் செய்வதுதான் என் பிழைப்பு, இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். முதலில் அந்த 32ஐ ஓரமாக வைத்துவிடலாம். பல் 32, அதனால் 32 தடவை என்று பிரிட்டன் பிரதமராக இருந்த கிளாட்ஸ்டன் தன் பிள்ளைகளுக்குச் சொன்னதாக ஒரு கதை உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு ஹொரேஸ் ஃபிளெட்சர் (1849–1919) என்ற அமெரிக்க வியாபாரி ஓர் இயக்கமே நடத்தினார். உணவு வாயில் தண்ணீராகி தானாக இறங்கும்வரை மெல்ல வேண்டும் என்பது அவருடைய மதம். ஒரு சின்ன வெங்காயத் துண்டுக்கு 722 தடவை ஆனது என்று பெருமையாக எழுதி வைத்திருக்கிறார், மனுஷனுக்கு வேறு வேலை இருந்ததா தெரியவில்லை. நம் ஊரிலும் "நொறுங்கத் தின்றால் நூறு வயது" என்கிறார்கள், ஆனால் பழமொழியைக் கவனித்துப் பாருங்கள், அதில் எண்ணிக்கையே கிடையாது. நொறுங்கியதா என்பதுதான் கேள்வி. மெல்லுவதை அளக்கும் வேலையும் சரியாக அந்த இடத்தில்தான் தொடங்குகிறது: தாடை எத்தனை தடவை ஆடியது என்பதைவிட, அத்தனை தடவை ஆடிய பிறகு வாயிலிருந்து என்ன வெளியே வந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அதற்கு முன்னால் "நல்லாத்தான் மெல்றேன்" என்ற வாக்குமூலத்தைப் பற்றி. வாய்விட்டுக் கேட்பதும் ஓர் அளவு முறைதான், கேள்வித்தாள்கள் நிறைய உண்டு, எந்தெந்த உணவைச் சிரமமில்லாமல் சாப்பிட முடிகிறது என்று பட்டியல் போட்டு டிக் அடிக்கச் சொல்வார்கள். ஆனால் ஒருவர் தன் மெல்லும் திறனைப் பற்றி நினைப்பதும், சோதனையில் தெரிவதும் பல சமயம் ஒத்துப்போவதில்லை, குறிப்பாகப் பல்செட் போட்டவர்களிடம். என்னிடம் வந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் "எல்லாமே மெல்றேன் டாக்டர்" என்று சொல்லி வாய் மூடுவதற்குள் பின்னால் நின்ற அவர் மனைவி, "ஆமா, மிக்ஸியில அடிச்சுக் குடுக்கிறது நான்" என்றார். பொய் சொல்லவில்லை அவர். முடியாததை எல்லாம் சாப்பாட்டிலிருந்து கழித்துவிட்ட பிறகு மிச்சம் இருப்பதை நன்றாகத்தான் மென்றுகொண்டிருந்தார். உங்கள் அம்மாவும் அப்படித்தான் என்று என் ஊகம். அதனால் நான் "மெல்ல முடிகிறதா" என்று கேட்பதே இல்லை, கடைசியாக முறுக்கு எப்போது சாப்பிட்டீர்கள், தேங்காய்ச் சில்லு, கடலை மிட்டாய், ஆட்டுக்கறி, கொய்யாக்காய் எப்போது என்று கேட்பேன். இது நானாகப் போட்டுக்கொண்ட பட்டியல், யாரும் சோதித்துச் சான்று கொடுத்ததில்லை, ஆனாலும் வேலை செய்கிறது.

நம் சாப்பாடு இந்தக் குறையை வெகு நாள் மறைத்து வைக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். 1956ல் ஃபாரல் என்ற பிரிட்டிஷ் பல் மருத்துவர் ஒரு வேலை செய்தார்: உணவுத் துண்டுகளை மென்றும் மெல்லாமலும் சின்னச் சின்ன வலைப்பைகளில் போட்டு ஆட்களை விழுங்கச் சொல்லி, மறுபக்கம் வெளியே வந்த பைகளில் என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்த்தார் (இதைக் கழுவிப் பிரித்த உதவியாளரை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது). சோறு, மீன், முட்டை, ரொட்டி போன்றவை மெல்லாமல் போனாலும் மிச்சமில்லாமல் செரித்திருந்தன. ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி மாதிரியான இறைச்சியும் பட்டாணி, கேரட் மாதிரியான காய்களும் மெல்லாமல் போனால் மிச்சம் விட்டன. இதை நம் வீட்டுத் தட்டோடு வைத்துப் பாருங்கள். குழைந்த சோறு, ரசம், தயிர், இட்லி, கூடவே ஒரு முட்டை அல்லது குழம்பு மீன் என்று இருப்பவருக்குப் பல்லே வேண்டாம், வயிறு பார்த்துக்கொள்ளும். கஷ்டம் வருவது காயிலும் கறியிலும் கடலையிலும். அம்மா தட்டில் ஒதுங்குவதும் அதே பட்டியல்தான், இல்லையா?

சரி, அளப்பதற்கு வருவோம். மிகப் பழைய வழி, இன்றும் மற்ற எல்லா முறைகளையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வழி, சல்லடை. 1950ல் அமெரிக்காவில் மேன்லியும் பிரேலியும் அதை ஒழுங்காக வரையறுத்தார்கள். ஆளுக்கு அளவான வேர்க்கடலை, 20 தடவை மெல்ல வேண்டும், விழுங்கக் கூடாது, அத்தனையையும் துப்பி, வாயைத் தண்ணீரில் கொப்பளித்து அதையும் துப்பி, எல்லாவற்றையும் ஓர் அங்குலத்துக்கு 10 கண் உள்ள சல்லடையில் ஊற்றிச் சலிக்க வேண்டும். எத்தனை சதவீதம் கீழே இறங்கியதோ அதுதான் மதிப்பெண். மாவு சலித்தவர்களுக்கு இது புதிதே இல்லை. மேலே நிற்கிற கப்பி அதிகமா, கீழே விழுந்த மாவு அதிகமா, அவ்வளவுதான் விஷயம். ஏன் 20 தடவை என்றால், நாலைந்து தடவையில் நிறுத்தினால் யார் வாயிலும் பெரிதாக எதுவும் நடந்திருக்காது, ஐம்பது அறுபது என்று போனால் நல்ல பல்காரர்கள் எல்லோரும் மாவாக்கியிருப்பார்கள், இரண்டிலும் ஆளுக்கு ஆள் வித்தியாசம் தெரியாது. நடுவில் நிறுத்தினால்தான் தெரியும். இந்த முறையில்தான் முழுப் பல்செட் போட்டவர்களின் அரைக்கும் திறன் சொந்தப் பல் உள்ளவர்களின் திறனில் ஆறில் ஒரு பங்குகூடத் தேறாது என்பது 1960களிலேயே தெரிய வந்தது. செட் எவ்வளவு கச்சிதமாகச் செய்தாலும், நான் செய்தாலும், கதை ரொம்ப மாறாது. போட்ட நாளிலிருந்து பழைய பல் மாதிரியே இருக்கும் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால், அது விற்பனைப் பேச்சு.

கடலையை வைத்துச் செய்வதில் தொல்லைகள் உண்டு, அதை நான் பட்டே அறிந்தேன். மேற்படிப்பில் ஆய்வேட்டுக்காகப் பெரியவர்களுக்கு வறுகடலை கொடுத்து, துப்பியதைக் கழுவி, சலித்து, காயவைத்து எடை போட்டுக்கொண்டிருந்தேன். கடலையின் எண்ணெயால் தூள் தூளோடு ஒட்டிக்கொண்டு கட்டியாகும், சல்லடைக் கண் அடைத்துக்கொள்ளும், பொய்க் கணக்கு வரும். ஒரு மூட்டைக் கடலை முறுகலாக இருக்கும், அடுத்தது நமுத்துப் போயிருக்கும். பெரியவர்கள் பழக்க தோஷத்தில் பாதியை விழுங்கிவிடுவார்கள், துப்புவது அவர்களுக்கு அநாகரிகம். எல்லாவற்றுக்கும் மேலாக, கல்லூரி அடுப்பு பழுதாகி மாதிரிகளை மேசையில் காயவைத்துவிட்டுப் போன ஓர் இரவில் எறும்புகள் வந்து எட்டுப் பேருடைய தரவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டன. கைடிடம் இதை எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்தேன்.

கேரட்டை வைத்தும் செய்தார்கள், பாதாமை வைத்தும் செய்தார்கள், ஆனால் இயற்கைப் பொருள் எதுவானாலும் இன்றைய கேரட்டும் அடுத்த மாதக் கேரட்டும் ஒன்றல்ல. அதனால் சாப்பிடவே முடியாத ஒன்றை மெல்லக் கொடுக்கலாம் என்ற யோசனை வந்தது. பல் அச்சு எடுக்கப் பயன்படும் கெட்டி சிலிக்கோன் பசை, ஆப்டோசில் என்று பெயர், 1980ல் இருந்து இதற்குப் பயன்படுகிறது. கரையாது, எச்சிலில் ஊறாது, ஒட்டாது, எப்போது செய்தாலும் ஒரே கடினம். நெதர்லாந்தில் யூட்ரெக்ட் ஆட்கள் இதை ஒரு சடங்காகவே ஆக்கிவிட்டார்கள்: 5.6 மில்லிமீட்டர் பக்கமுள்ள 17 கனசதுரத் துண்டுகள், மொத்தம் 3 கன சென்டிமீட்டர், மென்று துப்பியதும் கழுவிக் காயவைத்து, 5.6, 4, 2.8, 2, 1.4, 1 என்று கண் சிறுத்துக்கொண்டே போகும் சல்லடை அடுக்கின் மேலே கொட்டி இயந்திரத்தில் குலுக்குவது. ஒவ்வொரு தட்டிலும் எவ்வளவு நின்றது என்று எடை போட்டு ஒரு வளைகோட்டில் பொருத்தினால் ஒரே ஓர் எண் கிடைக்கும்: மென்றதில் சரிபாதி எடை எந்தக் கண்ணளவு வழியாக நழுவிப் போகுமோ அந்த அளவு. சின்ன எண் வந்தால் நல்ல மெல்லல். இந்த வளைகோட்டுச் சூத்திரம் எங்கிருந்து வந்தது தெரியுமா, 1933ல் ரோசின், ராம்லர் என்ற இருவர் அரைத்த நிலக்கரித் தூளுக்காகக் கண்டுபிடித்தது. அனல்மின் நிலையத்துக் கரித்தூளுக்கும் பாட்டி வாயில் அரைபட்டதற்கும் ஒரே கணக்கு. படித்த காலத்தில் எனக்கு மிகவும் பிடித்த சங்கதி இது.

ஆப்டோசிலில் ஒரே சிக்கல், அது கொஞ்சம் முரட்டுத்தனமானது, பல்செட் போட்டவர்கள் சிலரால் ஒரு துண்டைக்கூட உடைக்க முடியாது. எல்லோருக்கும் பூஜ்யம் வந்தால் அது அளவே இல்லை. அதனால் அதே பசையில் பற்பசை, வாசலின், பிளாஸ்டர் தூள், ஆல்ஜினேட் தூள் கலந்து மெத்தென்று ஆக்கி, ஆப்டோகால் என்று இன்னொன்று செய்தார்கள். பெயரைக் கேட்டால் மருந்து மாதிரி, செய்முறையைக் கேட்டால் சமையல்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று, மெல்லுதல் என்பதில் உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அடுத்த வகைச் சோதனைகள் ஏன் வந்தன என்பது இதில்தான் இருக்கிறது. ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டியதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கை குழவியைச் சுற்றும், இன்னொரு கை விளிம்புக்கு ஒதுங்கிய மாவைக் குழிக்குள் தள்ளிவிட்டுக்கொண்டே இருக்கும். குழவி எவ்வளவு கனமாக இருந்தாலும் தள்ளிவிடும் கை நின்றால் அரிசி அப்படியே கிடக்கும். வாயில் பல் குழவி, நாக்கும் கன்னமும் தள்ளிவிடும் கை. 1983ல் லூகாஸ், லூக் இருவரும் இதைத்தான் இரண்டாகப் பிரித்துச் சொன்னார்கள்: ஒவ்வொரு கடிக்கும் எந்தத் துண்டு பல்லுக்கு நடுவே வருகிறது என்பது ஒன்று, வந்த துண்டு எவ்வளவாக உடைகிறது என்பது மற்றொன்று. பல்செட் போட்டவர்களுக்கு இரண்டுமே அடிவாங்கும். ஈறு தாங்காது என்பதால் பலமாகக் கடிக்க முடியாது, அதோடு கீழ்ச் செட் எகிறாமல் பிடித்துக்கொள்ளும் வேலையும் நாக்கின் தலையில் விழுந்துவிடுவதால், தள்ளிவிட வேண்டிய கை குழவியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் நிலைமை. கீழ்த்தாடையில் இரண்டே இரண்டு இம்பிளான்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கை வேர்) வைத்து செட்டைப் பொத்தான் போல மாட்டிவிட்டால் நிலைமை எவ்வளவோ மாறும் என்பதையும் இதே சிலிக்கோன் துண்டுகள்தான் காட்டின. யூட்ரெக்டில் 2004ல் வெளியான ஆய்வில், துண்டுகளைப் பாதி அளவாக்கத் தேவைப்பட்ட கடிகள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தன. நாக்குக்கு விடுதலை கிடைத்தது என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன், கடி வலுவானதும் ஒரு காரணம்தான்.

சல்லடை உடைப்பதை அளக்கிறது. தள்ளிவிட்டுக் கலக்கும் வேலையை அளக்க வந்ததுதான் இரண்டு நிறச் சூயிங்கம். ஒரு நிறப் பட்டையையும் வேறு நிறப் பட்டையையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து வாயில் போட்டு 20 தடவை மென்று எடுத்து, தெளிவான பிளாஸ்டிக் உறையில் வைத்து 1 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தட்டையாக அழுத்தி, இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்வார்கள். நன்றாக மெல்லுகிறவர் வாயிலிருந்து வந்தது ஒரே நிறமாக இருக்கும், முடியாதவருடையது வரிவரியாக, திட்டுத்திட்டாக இருக்கும். 2007ல் ஷிம்மலும் கூட்டாளிகளும் இதை ஒழுங்குபடுத்தினார்கள், கண்ணாலேயே ஐந்து படிகளாகத் தரம் பிரிக்கலாம் என்றும் காட்டினார்கள்: கலக்கவே இல்லை, பெரும்பகுதி கலக்கவில்லை, கொஞ்சம் கலந்தாலும் மூல நிறம் தெரிகிறது, நன்றாகக் கலந்தும் நிறம் ஒரே சீராக இல்லை, முழுக்க ஒரே நிறம். எண்ணாக வேண்டும் என்றால் வியூ-கம் (ViewGum) என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, படத்தில் நிறம் எவ்வளவு சிதறிக் கிடக்கிறது என்று கணக்குப் போட்டுக் கொடுக்கும், சிதறல் குறைந்தால் நல்லது. நல்ல பல் உள்ள இளைஞர்களை ஒருவரோடொருவர் ஒப்பிட இது உதவாது, 20 கடியில் எல்லோருமே நன்றாகக் கலந்துவிடுவார்கள், அங்கே சல்லடைதான் சரி. பல் போனவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், தாடை அறுவை ஆனவர்கள் என்று வரும்போது சல்லடைத் துண்டுகளை உடைக்கவே முடியாமல் எல்லோரும் ஒரே மதிப்பெண் வாங்குவார்கள், அங்கே சூயிங்கம் அல்லது இரண்டு நிற மெழுகு வில்லைதான் வித்தியாசம் காட்டும். எந்த முறை சிறந்தது என்று கேட்பவர்களுக்கு, யாருடைய வாய் என்று திருப்பிக் கேட்பதுதான் என் பதில்.

ஜப்பான்காரர்கள் இதை எல்லாம் ஆய்வுக்கூடத்திலிருந்து மருத்துவமனை மேசைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள், அதுவும் சும்மா இல்லை, காப்பீட்டுக்குள். முதியவர்கள் அதிகம் உள்ள நாடு, 80 வயதில் 20 சொந்தப் பல் என்று 1989லேயே இயக்கம் தொடங்கியவர்கள். 2018 ஏப்ரலில் இருந்து வாய்ச் செயல்பாடு குன்றல் என்பது அங்கே காப்பீடு ஏற்கும் ஒரு நோய்ப்பெயர். வாய்ச் சுத்தம், வறட்சி, கடி வலு, நாக்கு உதட்டு வேகம், நாக்கின் அழுத்தம், மெல்லுதல், விழுங்குதல் என்ற ஏழில் மூன்று குறைந்தால் அந்தப் பெயர் எழுதுவார்கள். மெல்லுதலுக்கு அவர்கள் வைத்திருக்கும் சோதனை அழகானது. குளுக்கோஸ் கலந்த 2 கிராம் ஜெல்லி மிட்டாயை 20 விநாடி மெல்ல வேண்டும், பிறகு 10 மில்லி தண்ணீரை வாயில் வாங்கி, வலை வைத்த குவளையில் மொத்தத்தையும் துப்ப வேண்டும், வலைக்குக் கீழே இறங்கிய நீரில் குளுக்கோஸ் எவ்வளவு என்று சின்னக் கருவி ஒன்று சில விநாடிகளில் சொல்லும். எவ்வளவு நுணுக்கமாக நொறுங்கியதோ அவ்வளவு வெட்டுப்பரப்பு, அவ்வளவு சர்க்கரை கரைந்து வரும். டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் மெல்லும் திறன் குறைவு. சல்லடை வேண்டாம், காயவைக்க வேண்டாம், எறும்புக்கும் வழியில்லை. நிறம் மாறும் சூயிங்கம் ஒன்றும் அங்கே விற்கிறார்கள்: மெல்லும்முன் மஞ்சள்பச்சை, மெல்ல மெல்லச் சிவப்பு. உள்ளே இருக்கும் மஞ்சளும் நீலமும் எச்சிலில் கரைந்து போகும், சிட்ரிக் அமிலமும் போகும், அமிலம் போனதும் மறைந்திருந்த சிவப்பு வெளுக்காமல் எழும்பும். எச்சில் ஊறுவதையும் சேர்த்தே இது அளந்துவிடுகிறது என்பது அதன் பலம், பலவீனமும் அதுதான்.

கன்னத் தசையில் மின்முனை ஒட்டி அதன் மின்துடிப்பைப் பதிவு செய்வது, தாடை அசைவைப் படம் பிடிப்பது, கடி வலுவைக் கருவியில் கடிக்கவைத்துப் பார்ப்பது, காதில் மாட்டி மெல்லும் எண்ணிக்கையைக் கணக்கெடுக்கும் கருவி என்றெல்லாம் நிறைய உண்டு. இவை எல்லாம் உழைப்பை அளக்கின்றன, விளைச்சலை அல்ல. வயலில் எத்தனை மணி நேரம் நின்றான் என்று பார்ப்பதற்கும் களத்தில் எத்தனை மூட்டை சேர்ந்தது என்று பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம். ஆய்வுக்குப் பயன்படும், உங்கள் அம்மாவுக்குப் பயன்படாது, இதற்கு மேல் நீட்டவில்லை.

ஆனால் ஒன்று பாக்கி இருக்கிறது, என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் முக்கியமானது அதுதான். 20 கடியில் எவ்வளவு அரைக்க முடியும் என்பது திறன். நிஜ வாழ்க்கையில் யாரும் 20ல் நிறுத்துவதில்லை, விழுங்கலாம் என்று தோன்றும்போது விழுங்குகிறோம். மெதுவாக அரைக்கிறவர் கூடுதல் நேரம் மென்று சரிக்கட்டலாமே? ஃபிரான்ஸில் கிளெர்மோன் ஃபெராண்டில் நல்ல பல் உள்ள இளைஞர்களை வைத்துப் பார்த்தபோது, மெல்லும் எண்ணிக்கையில் ஆளுக்கு ஆள் பெரிய வித்தியாசம் இருந்தது, ஆனால் விழுங்கத் தயாரான கவளத்தைத் துப்பச் சொன்னால் அதில் துண்டுகளின் அளவு எல்லோரிடமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒரே ஊருக்கு வேறு வேறு வேகத்தில் போய்ச் சேர்கிற மாதிரி. எண்ணிக்கையை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? அங்கேயே 2010ல் ஓர் எல்லைக்கோடும் போட்டார்கள்: பச்சைக் கேரட்டை விழுங்கும் பதத்துக்கு மென்று துப்பினால், துண்டுகளின் நடு அளவு 4 மில்லிமீட்டரைத் தாண்டினால் மெல்லுதல் சரியில்லை. பல் நன்றாக இல்லாதவர்களிடம் வருவோம். 2004ல் நெதர்லாந்தில் பார்த்தது, திறன் குறைந்தவர்கள் அதற்கு ஈடாக அதிக நேரம் மெல்லுவதில்லை, மற்றவர்கள் விழுங்கும் நேரத்தில் அவர்களும் விழுங்கிவிடுகிறார்கள், பெரிய துண்டுகளாக. காரணம் எனக்கு விசித்திரமாகத் தெரியவில்லை. பந்தியில் பக்கத்து இலைக்காரர் எழுந்திருக்கும்போது நாம் மட்டும் அதக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியுமா?

துண்டு பெரிதாக இருந்தால் என்ன நஷ்டம் என்பதற்கு ஒரு நல்ல சோதனை உண்டு. 2009ல் அமெரிக்காவில் 13 பேருக்கு 55 கிராம் பாதாம் கொடுத்து, ஒவ்வொரு வாயையும் 10, 25, 40 தடவை என்று வேறு வேறு சுற்றில் மெல்லவைத்தார்கள். குறைவாக மென்ற சுற்றுகளில் பாதாமின் கொழுப்பு கூடுதலாக மலத்தோடு வெளியே போனது. செல் சுவர் உடையாத கொழுப்பு உடம்பில் சேராது. கொழுப்பைக் குறைக்க நினைப்பவருக்கு அது லாபம்கூட, ஆனால் 72 வயதில் உடம்பு இளைத்துக்கொண்டு வருபவருக்கு இல்லை.

அப்புறம், வீட்டில் என்ன செய்யலாம். விழுங்கும்போது புரை ஏறுவது, இருமல், பக்கவாதம் வந்த சரித்திரம் இதில் எது இருந்தாலும் வீட்டுச் சோதனையே வேண்டாம், விழுங்கும் திறனைப் பார்க்கும் மருத்துவரிடம் போங்கள். அங்கே ஒரு பிஸ்கெட்டைக் கொடுத்து எத்தனை கடி, எத்தனை மெல்லல், எத்தனை விழுங்கல், எத்தனை விநாடி என்று எண்ணும் ஒழுங்கான சோதனை இருக்கிறது. அப்படி எதுவும் இல்லை என்றால் நிமிர்ந்து உட்காரவைத்து, பேச்சுக் கொடுக்காமல், நீங்கள் மனதுக்குள் எண்ணுங்கள், அவரை எண்ணச் சொல்லாதீர்கள், எண்ணத் தொடங்கினாலே மெல்லும் விதம் மாறிவிடும். சர்க்கரை இல்லாத இரண்டு நிறச் சூயிங்கம் கிடைத்தால் நல்லது, செட்டைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு மென்றால் ஒட்டுவது குறையும், அப்படியும் சில செட்டில் ஒட்டும், ஒட்டினால் விட்டுவிடுங்கள். 20 தடவை ஆனதும் வாங்கி, தெளிவான கவருக்குள் வைத்து, இரண்டு பக்கமும் பழைய ஏடிஎம் கார்டு ஒவ்வொன்று வைத்து, மேலே ஒரு தட்டையான டப்பாவால் அழுத்துங்கள், கார்டு முக்கால் மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூட இருக்கும், நமக்கு அது போதும். இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டு மேலே சொன்ன ஐந்து படிகளில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். சூயிங்கம் ஒத்துவராவிட்டால் பச்சைக் கேரட்டில் மெல்லிய வில்லைகள் ஏழெட்டு, அதே 20 தடவை, விழுங்காமல் துப்பி, இரண்டு தடவை கொப்பளித்ததையும் சேர்த்து டீ வடிகட்டியில் ஊற்றி, மிஞ்சியதைக் கறுப்புத் தட்டில் பரப்பி, பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் போட்டோ. முதல் தடவை வருவதைக் கணக்கில் எடுக்காதீர்கள், கூச்சத்தில் எல்லோரும் மோசமாகவே மெல்லுவார்கள், இரண்டாவது மூன்றாவதைப் பாருங்கள்.

இது ஆய்வுக்கூட எண் ஆகாது, மற்றவர்களோடு ஒப்பிடவும் உதவாது, உங்களுடைய கேரட்டோடு ஒப்பிட்டு அம்மாவை வருத்தப்பட வைக்கவும் வேண்டாம். அவருடைய இந்த மாதத்தை அவருடைய அடுத்த மாதத்தோடு ஒப்பிட மட்டும்தான். நான்கு மாதம் என்பது செட்டுக்குப் பழகியிருக்க வேண்டிய காலம்தான். இன்னும் சூயிங்கம் திட்டுத்திட்டாகவே வருகிறது, கேரட் வில்லை பாதிக்குப் பாதி முழுசாக வருகிறது என்றால், போட்டோவையும் எடுத்துக்கொண்டு செட் செய்தவரிடமே போங்கள். முதலில் கீழ்ச் செட்டின் அடியில் புண் இருக்கிறதா, ஒரு பக்கம் மட்டும் முன்கூட்டியே இடிக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பாதிப் பேருக்கு அங்கேயே, பத்து நிமிடத் தேய்ப்பில் சரியாகிவிடும். அதுவரை பீன்ஸைப் பொடியாக நறுக்கி, இன்னும் ஒரு விசில் கூடுதலாக விட்டுக் கொடுங்கள்.